வானளக்கும் கணக்கும் நம் வகுப்பறையும்

ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கை உலகிற் பத்துப் பேருக்கே விளங்குமென்னும் பேச்சு நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஆசிரியர் அதனைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வர். பரீட்சைக்கு அது வாராதென மாணவரும் மகிழ்வர். இப்பேச்சை இனியேனும் கைவிடவேண்டுமென்பது என் கருத்து. அக்கொள்கை இன்று வியந்து ஒதுக்கிவைக்கும் பொருளன்று. நில அளவையாளர் நாள்தோறும் கைக்கொள்ளும் திருத்தக் கணக்குப் போன்றதாகிவிட்டது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளை அளந்தோர் நான் சொல்வதை எளிதில் உணர்வர். ஹந்தானையில் நின்று தும்பறைச் சிகரமொன்றைக் கருவியால் நோக்குபவர், கண்ட கோணத்தை அப்படியே ஏற்றுவிடுவதில்லை. இடையிலுள்ள காற்று ஒளியைச் சற்றே வளைக்கின்றது. அதற்குரியதைக் கழித்த பின்னரே உயரம் சரியாக வரும். விண்மீன்களை அளப்போர்க்கும் இக்கடன் உண்டு. காற்றில்லா வெளிக்குச் சென்றாலும் அது தீர்வதில்லை. அங்கே ஒளியை வளைப்பது சூரியனின் ஈர்ப்பு.

சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி 1.75 விகலை வளையுமென்பது ஐன்ஸ்ரைனின் கணக்கு. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறே விகலை. நியூற்றன் வழியிற் கணித்தால் இதிற் பாதியே வரும். 1919 மே 29 இல் நிகழ்ந்த முழுக் கிரகணத்தைப் பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் படமெடுத்த எடிங்ரன் முதலானோர் ஐன்ஸ்ரைன் பக்கமே தீர்ப்பளித்தனர். நம் அயலவரும் இதில் முயன்றதைப் பலர் அறியார். கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த எவர்செட், 1922 செப்ரெம்பர் கிரகணத்துக்காக அவுஸ்திரேலியாவின் வொல்லால் கடற்கரை வரை கருவிகளைக் கொண்டு சென்றார்; பயன் கிட்டவில்லை. ஈர்ப்பினாற் சூரிய ஒளி செந்நிறப் பக்கம் நகர்கின்றதா என்பதையும் அவர் அம்மலையிலிருந்து பல்லாண்டு ஆராய்ந்தார். சூரிய வாயுக்களின் கொந்தளிப்பு அந்நகர்வோடு கலந்து குழப்புவதால் அதுவும் எளிய பணியன்று. 1955 யூன் 20 இல் நம் தீவின் மீதே முழுக் கிரகணம் கடந்தது. பிறநாட்டு அறிஞர் வந்து காத்திருந்தனர். பெரும்பாலோர்க்கு முகிலே காட்சி தந்தது.

முகிலுக்கு அஞ்சி வாழும் காலம் கழிந்தது. 1989 இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ் செய்மதி ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மீன்களை அளந்தது. 2013 டிசெம்பர் 19 இல் ஏவப்பட்ட கையா, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று, 2025 சனவரி வரை ஏறத்தாழ 180 கோடி மீன்களை நோக்கியது. விகலையில் ஆயிரத்திலொரு பங்கை மில்லிவிகலை என்போம். ஒளிமிக்க மீன்களிற் கையாவின் பிழை, ஒரு மில்லிவிகலையின் ஐம்பதிலொரு பங்களவினது.

இனிக் கணக்கைப் பாருங்கள். சூரியனுக்குச் செங்கோணத்திலுள்ள மீனின் ஒளிகூட 4 மில்லிவிகலை வளைகின்றது. அஃதாவது கையாவின் பிழையைப்போல் 200 மடங்கு. மீனின் தொலைவை நாம் அறிவதோ, பூமி சூரியனைச் சுற்றுகையில் அது இடம்பெயர்ந்து தோன்றும் அளவைக் கொண்டு. 3260 ஒளியாண்டு தொலைவிலுள்ள மீனுக்கு அப்பெயர்ச்சி 1 மில்லிவிகலையே. அதிலும் ஒரு வம்பு: இப்பெயர்ச்சி மீனைச் சூரியன் பக்கம் இழுக்கும், ஈர்ப்போ சூரியனை விட்டு அப்பால் தள்ளும். வரவும் செலவும் ஒரே வரியில் எழுதப்பட்ட கடைக்கணக்கை ஒப்பது இது. ஐன்ஸ்ரைனை விலக்கிவிட்டு அளந்தால் தொலைவு பொருளற்ற எண்ணாகவே முடியும். சூரியன் மட்டுமன்று, வியாழன் விளிம்பை உரசும் ஒளியும் 16 மில்லிவிகலை வளையும். செய்மதியின் வேகமும் மீனை 20 விகலை வரை இடம்பெயர்த்துக் காட்டுவதால், அவ்வேகத்தை விநாடிக்குச் சில மில்லிமீற்றர் அளவுக்குச் சரியாக அறியவேண்டும்.

இவை உயர்தர மாணவர்க்கு மிகையெனச் சிலர் கூறுவர். கொள்கையை நிறுவுதல் மிகையென்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் பயன்படுத்துதல் அவ்வளவு கடினமோ? சூரியனுக்கும் மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாதியாக்கி, அதன் தாஞ்சனால் 4.07 ஐ வகுத்தால் வளைவு மில்லிவிகலையில் வந்துவிடும். 45 பாகைக்குச் செய்து பாருங்கள். 10 க்குச் சற்றுக் குறைவாக வரும். கையா சூரியனுக்கு அதனினும் அண்மையில் நோக்கியதில்லை. கணிதபாட வகுப்பில் ஒரு பாடவேளை போதும்.

கையா திரட்டிய அளவைகள், வெளியிடப்பட்டவரை, எவர்க்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. கட்டணமில்லை, பரிந்துரைக் கடிதமில்லை. கேம்பிரிட்ஜ் மாணவனும் கண்டி மாணவனும் ஒரே ஏட்டைப் புரட்டலாம். நம் பிள்ளைகள் புரட்டுவதில்லையெனின், அத்தகைய ஏடு இருப்பதை நாம் சொல்லாமையே காரணம். யூபிலி நினைவாக வளைவும் கல்வெட்டும் வேண்டாமென்று நான் சொல்லேன். பழைய மாணவர்க்கு அவற்றில் ஆசையிருப்பது இயல்பே. அச்செலவில் ஒரு பங்கை எடுத்து, ஒரு கணினியும் நடுத்தரமான தொலைகாட்டியொன்றும் வாங்கி ஆய்வுகூடத்துக்கு அளிக்கலாமன்றோ? பேராதனைப் பல்கலைக்கழகம் அருகிலிருக்கின்றது. பௌதிகவியல் கற்றோரை மாலையில் அழைத்துக்கொள்ளலாம். குளக்கரை விளக்குகளின் ஒளி எட்டாத ஹந்தானைச் சரிவில் தை, மாசி இரவுகள் பெரும்பாலும் தெளிவாயிருக்கும். அளக்கவேண்டிய மீன் எதுவென்பதை மாணவரே தெரிந்துகொள்ளட்டும்.