ஊரில் இல்லை என்பது பதிலாகாது

கொலராடோ ஆளுநராக இருந்த ஜான் எவன்ஸ் பல்கலைக்கழகங்களை நிறுவினார், டென்வருக்கு ரயில் கொண்டுவந்தார். செயென், அரபாஹோ பழங்குடியினர்மீது ராணுவம் நடத்திய சாண்ட் கிரீக் படுகொலையன்று அவர் கொலராடோவிலேயே இல்லை. எனவே பழி ராணுவத்துக்கு மட்டும்தான் என்கிறார் அவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதியவர். ஏற்க முடியாது.

படுகொலை நடந்த 1864 நவம்பர் 29 அன்று ஆளுநர் அங்கே இல்லைதான். ஆனால் ஆகஸ்ட் 11 அன்று இருந்தாரே! பகைமை காட்டும் பழங்குடியினரைக் குடிமக்களே தேடிக் கொல்லலாம், உடைமைகளை எடுத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு அவருடையது. நூறு நாள் படைப்பிரிவை வாஷிங்டனிடம் கேட்டுப் பெற்றதும் அவர்தான். செப்டம்பரில் பிளாக் கெட்டில் முதலான செயென், அரபாஹோ தலைவர்கள் சமாதானம் தேடி டென்வர் வந்தபோது, அது ராணுவத்தின் பொறுப்பு என்று கைகழுவினார். இரண்டே மாதத்தில் அந்தப் படைப்பிரிவு சாண்ட் கிரீக்கில் அவர்கள் முகாமில் புகுந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

எவன்ஸ் மருத்துவர் என்பதையும் கட்டுரையில் பெருமையாகச் சேர்த்திருக்கிறார். எனக்கு ஆறாதது அதுதான். காலரா தொற்றும் என்று வாதாடியவர், இண்டியானாவில் மனநல மருத்துவமனை எழப் பாடுபட்டவர், இந்தப் படுகொலையை மட்டும் கடைசிவரை கண்டிக்கவே இல்லை. 1865இல் பதவி விலகியதும் மனம் வருந்தியல்ல. மேலிடம் விலகச் சொன்னது.