மனைவிக்கு டூரிஸ்ட் விசா போதுமா? வெளிநாட்டு இணையரோடு இந்தியாவில் வாழ நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"வைஃபுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட். பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிட்டு வரணும். இ-விசா போட்டா போதும்ல?"

உங்கள் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழுவில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். கேட்டது நீங்களாகவே கூட இருக்கலாம். பதில் எளிது: பொங்கலுக்கு மட்டும் என்றால் போதும். பொங்கலுக்கு வந்து, அப்படியே இங்கேயே இருந்து பார்க்கலாம் என்ற யோசனை இருந்தால் போதாது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் செய்வதால் மட்டும் ஒரு வெளிநாட்டவருக்கு இங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. தாலி கட்டிய மறுநாளும் சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு வருகையாளர்தான். என்ன விசாவில் வந்தார், எவ்வளவு நாள் இருக்கலாம் என்பது மட்டும்தான் கேள்வி.

இ-விசா எதற்கு, எதற்கு இல்லை

சுற்றுலா இ-விசா 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூன்று வகையில் கிடைக்கிறது. உறவினரைப் பார்க்க வருவதும் இதில் அடக்கம் என்பதால், மாமியார் வீட்டுக்கு வருவதற்கு இதைப் போடுவதில் தவறே இல்லை. வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடித்துவிடலாம்.

ஆனால் "ஐந்தாண்டு விசா" என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐந்தாண்டு என்பது வந்து போகும் அனுமதியின் ஆயுள். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள்தான் தங்கலாம். நீட்டிப்பு கிடையாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது என்பது பொது விதி. வேலை பார்க்கவும் கூடாது.

இன்னொரு சிக்கல் பலருக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரியவரும். விண்ணப்பத்தில் தாத்தா, பாட்டி வரைக்கும் பாகிஸ்தான் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்கள். உங்கள் கணவர் லண்டனில் பிறந்து வளர்ந்த பிரிட்டிஷ்காரராக இருக்கலாம். ஆனால் அவருடைய தாத்தா பாகிஸ்தானியர் என்றால் இ-விசா கிடையாது. தூதரகம் வழியாக வழக்கமான விசாதான். டிக்கெட் போடும் முன் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இணையருக்கென்று இருக்கும் விசா

அதன் பெயர் என்ட்ரி விசா. எழுத்தில் எக்ஸ்-2. இந்தியக் குடிமக்களின் இணையருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. இதற்கு உங்கள் இணையர் தான் வசிக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திருமணச் சான்றிதழ், உங்கள் இந்திய பாஸ்போர்ட்டின் நகல், முகவரிச் சான்று இவைதான் முக்கியமாகக் கேட்பார்கள். வெளிநாட்டில் வாங்கிய சான்றிதழ் என்றால் அதன் மேல் அப்போஸ்டில் முத்திரை இருந்தால் பிறகு தொல்லை இல்லை. இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

சுற்றுலா விசாவை விட இதற்கு அலைச்சல் கூட. அதனால்தான் "இப்போதைக்கு டூரிஸ்ட்ல வரட்டும், அங்க வந்து மாத்திக்கலாம்" என்ற அறிவுரை சுற்றிச் சுற்றி வருகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்த விசாவில் வந்திருந்தாலும், அந்த விசா உயிரோடு இருக்கும்போதே ஓர் இந்தியரைத் திருமணம் செய்துகொள்ளும் வெளிநாட்டவர், என்ட்ரி விசாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்று உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. பாகிஸ்தானியருக்கு அது இல்லை. பதிவுத் திருமணச் சான்றிதழ் வேண்டும். இருவரும் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறார்களா என்று விசாரிப்பார்கள். பாதுகாப்பு அனுமதியும் வர வேண்டும். இதையெல்லாம் பார்ப்பது எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். 2018 முதல் விண்ணப்பங்கள் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம் வழியாகப் போகின்றன.

விலக்கின் வார்த்தைகளைக் கவனித்தீர்களா? அது இங்கே வந்து கல்யாணம் செய்பவரைப் பற்றியது. பெர்லினில் ஏற்கெனவே கல்யாணம் முடித்துவிட்டு இ-விசாவில் வந்து இறங்குபவர் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. கல்யாணம் முடிந்துவிட்டது, இந்தியாவில் வாழப் போகிறோம் என்றால் தூதரகத்திலேயே எக்ஸ்-2 வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

விசா கைக்கு வந்ததும் அதில் அச்சிட்டிருப்பதை ஒரு வரி விடாமல் படியுங்கள். எத்தனை நாள் தொடர்ந்து தங்கலாம், வந்த எத்தனை நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம், எக்ஸ்-2 இருப்பதாலேயே வேலைக்குப் போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் எஃப்ஆர்ஆர்ஓவிடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

2020 சொல்லிக்கொடுத்தது

"சும்மா ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு இவ்வளவா?" என்று தோன்றலாம். கொரோனா நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 13 முதல் அநேகமாக எல்லா விசாக்களையும் இந்தியா நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று கதவு ஓரளவு திறந்தது. ஓசிஐ அட்டை வைத்திருந்தவர்கள் வரலாம். ஏற்கெனவே கொடுத்த விசாக்களும் மீண்டும் செல்லும், மூன்றைத் தவிர: இ-விசா, சுற்றுலா விசா, மருத்துவ விசா.

சுற்றுலா விசா வழங்குவது வழக்கமான விமானப் பயணிகளுக்கு மறுபடி தொடங்கியது 2021 நவம்பர் 15 அன்று. அதாவது எக்ஸ்-2 வைத்திருந்த மனைவிக்கும், ஐந்தாண்டு இ-விசா வைத்திருந்த மனைவிக்கும் இடையில் ஓராண்டுக்கும் மேலான தூரம். இரண்டாமவர் புதிதாக என்ட்ரி விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் பல ஊர்களில் அலுவலகங்களே அரைகுறையாக இயங்கிய காலத்தில். அவர் சுற்றிப் பார்க்க வரவில்லை, கணவரிடம் வருகிறார் என்பது அவர் வைத்திருந்த விசாவில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

கோயிலில் முதலில் செய்வதா, ரிஜிஸ்டர் ஆபீஸில் முதலில் செய்வதா?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால் விசா சிக்கல்களில் பலவும் தொடங்குவது கல்யாணத்தில்தான்.

பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை, புடவையில் வெளிநாட்டு மணப்பெண், பின்னால் நாதஸ்வரம். மறுநாள் பேப்பரில் படம் வரும். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்துத் திருமணச் சட்டம் 1955-ன் கீழ் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். ஒருவர் கிறிஸ்தவராகவே இருக்கும்போது அந்தச் சட்டத்தின்படி நடக்கும் திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. மதம் மாற விருப்பமில்லாத இருவருக்கு இருக்கும் வழி சிறப்புத் திருமணச் சட்டம் 1954.

அதில் நாள் கணக்கு இப்படி. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் நீங்களே என்பதால் இது பிரச்சினை இல்லை. பிறகு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அறிவிப்புப் பலகையில் ஏறி, யாராவது ஆட்சேபிக்க 30 நாள் அவகாசம். அதற்கப்புறம்தான் திருமணம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே 30 நாள் இ-விசாவில் வந்து, ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடிப்பது நடக்காத காரியம். "இவர் வேறு யாரையும் மணக்கவில்லை" என்ற சான்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். சில தூதரகங்கள் சான்றிதழே தரும். சில உங்கள் உறுதிமொழிக்குக் கையெழுத்துச் சாட்சி மட்டும் தரும்.

"கோயிலில் முதல்ல முடிச்சிட்டு, மெதுவா பதிவு பண்ணிக்கலாம்" என்பவர்களுக்கு அதே சட்டத்தில் இன்னொரு பாதை உண்டு. ஆனால் அங்கே விண்ணப்பிக்கும் முன் இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். அதற்கு மேல் 30 நாள் ஆட்சேபக் காலம். ஆக, வெளிநாட்டவரின் விசாவிலிருந்து இரண்டு மாதம் போய்விடும். வரிசையை மாற்றுங்கள். நோட்டீஸ் முதலில், நாதஸ்வரம் பிறகு. பெரியவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் பாடு!

இந்த நாள் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வழக்கே இருக்கிறது. இந்திய வம்சாவளி அமெரிக்கக் குடிமகனும் உள்ளூர்ப் பெண்ணும் 2022-ல் சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். 30 நாள் காத்திருந்து அலுவலர் முன் போய் நின்றார்கள். திருமணம் நடத்தி வைக்கப்படவில்லை. லீவை நீட்டிக்க முடியாத மாப்பிள்ளை அமெரிக்கா திரும்பிவிட்டார். பெண் நீதிமன்றம் போனார். காணொளி வழியாகத் திருமணம் செய்துவைக்கலாம் என்று 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு ரிட் மனு போட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டு, ஏழு ஆண்டு

எக்ஸ்-2 நிரந்தரம் இல்லை. அடுத்த படி ஓசிஐ அட்டை. குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, திருமணம் பதிவு செய்யப்பட்டு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும். பாதுகாப்பு அனுமதியும் உண்டு. இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். கிடைத்துவிட்டால் ஆயுள் முழுக்க விசா தேவையில்லை, எஃப்ஆர்ஆர்ஓ பதிவும் தேவையில்லை. பதிவை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் ஓசிஐ என்றால் குடியுரிமை இல்லை. குடியுரிமைக்கு, இந்தியரை மணந்தவர் இங்கே ஏழு ஆண்டு வசித்த பிறகே விண்ணப்பிக்க முடியும். 1986 வரை அந்த வழி பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது. இந்தியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவருக்கு அது இல்லை. மனைவிதான் கணவன் ஊருக்கு வருவாள் என்று சட்டமே முடிவு செய்திருந்த காலம்!

இணையர் என்ற முறையில் வாங்கிய ஓசிஐ, திருமணத்தோடு கட்டிய கயிறு. விவாகரத்து ஆனால் அட்டையை ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. போலித் திருமணங்களைத் தடுக்க ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் பத்து வருஷம் இங்கே வாழ்ந்து, வேலை பார்த்து, தமிழ் பேசக் கற்றுக்கொண்ட ஒருவர் இந்த ஊரில் இருக்கலாமா என்பது இன்னொருவரின் மனநிலையைப் பொறுத்தது என்றால், அந்த வீட்டில் சண்டை வரும்போது யார் குரல் தாழும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் இந்தியர் என்றால் இந்தக் கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருக்கிறது.

ஒருபாலினத் தம்பதிகளுக்கு இந்தப் பாதையின் முதல் படியே இல்லை. அவர்களின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது.

விசா காலாவதியானால் குழந்தைக்கு என்ன?

2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டம் 1946-க்குப் பதில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடைமுறையில் இருக்கிறது. விசா முடிந்த பிறகும் தங்கினால் மூன்றாண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு சட்டத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், பிறக்கும் நேரத்தில் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. அப்போதுதான் பிறப்பால் குடியுரிமை. முறையான விசாவில் வந்துவிட்டு, அனுமதித்த காலம் தாண்டித் தங்கியவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். பிரசவ நேரத்தில் அம்மாவின் விசா நீட்டிப்பை மறந்துவிட்டோம் என்பது அபராதம் கட்டிவிட்டு மறந்துவிடும் விஷயம் அல்ல.

இது நம் மாநிலத்தில் வெறும் சட்டப் புத்தகப் பிரச்சினையும் அல்ல. அகதி முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழர்களுக்கும் இங்குள்ளவர்களுக்கும் எத்தனையோ திருமணங்கள் நடந்திருக்கின்றன. படகில், பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவருக்கு எக்ஸ்-2 கேட்க ஆவணமே இல்லை. ஏழு ஆண்டு வழியும் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவருக்கு மட்டும்தான். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. சிறைக்குப் போக வேண்டாம் என்பதுதான் அந்த விலக்கு. குடியுரிமை பற்றி அதில் எதுவும் இல்லை.

உங்கள் வீட்டில் விசா இருக்கிறது என்றால், அது முடியும் தேதியை இருவரின் போனிலும் போட்டு வையுங்கள். நீட்டிப்புக்கு இ-எஃப்ஆர்ஆர்ஓவில் விண்ணப்பிப்பது அந்தத் தேதிக்கு முன்பே நடக்க வேண்டும். முகவரிச் சான்று, திருமணச் சான்றிதழ், உங்கள் பாஸ்போர்ட் மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். வீடு மாறினால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். புது வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை அவர் கொடுப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.