அளந்த ஓட்டு வீடும் அளக்காத மாடி வீடும்!

"வரி கூடிவிட்டதே!" என்கிறார் ஆலைத் தொழிலாளி. "எனக்கும்தானய்யா!" என்கிறார் மாடி வீட்டுக்காரர். பழனிசெட்டிபட்டியில், கம்பம் சாலைத் தேநீர்க் கடையில், ஒரே பெஞ்சில் அமர்ந்து இருவரும் பெருமூச்சு விடுகிறார்கள். பெருமூச்சு ஒன்றுதான். பாரமும் ஒன்றுதானா? பார்ப்போம், தோழர்களே!

சொத்து வரி, அதிகாரியின் மனம் போன போக்கில் எழுதும் தொகையன்று. அது வாடகைக் கணக்கு. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிடு. கட்டடத்துக்குரிய பங்கில் பழுதுபார்க்கப் பத்து விழுக்காடு கழி. மீதியின்மேல் வரி போடு என்றது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். சொந்தக்காரரே குடியிருந்தாலும் வாடகை மதிப்புத்தான் அளவுகோல். அதனால்தான் தெருவைப் பார்க்கிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள், கட்டடத்தின் வயதைப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை, நாடா பிடித்து அளந்த சதுர அடி. அது பிழைத்தால் பின்னால் வரும் கணக்கெல்லாம் பிழை!

சென்னைக்கு வெளியே 2008-க்குப் பிறகு நெடுங்காலம் வரி சீராக்கப்படவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். பின்னர் பதினைந்தாவது நிதிக்குழு சொன்னது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவித்தால்தான் நகரங்களுக்கு மானியம்! பணம் டில்லிப் பெட்டியில். அதைத் திறக்கும் சாவியோ நம் வீட்டு வரி ரசீதில்! 2022 ஏப்ரலில் உயர்வு வந்தது. நம்மவர் ஆட்சியில்தான் வந்தது; மறைப்பானேன்?

ஆனால் எப்படி வந்தது? பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 விழுக்காடு. 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100. சிறியவனுக்குச் சிறிய சுமை, பெரியவனுக்குப் பெரிய சுமை. நல்ல நெறி!

நெறி நல்லதுதான்; ஏடு நல்லதா? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 500 சதுர அடி ஓட்டு வீட்டுக்கு அரையாண்டு வரி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உயர்வுக்குப் பின் 250. அதே தெருவில், அதே வீதத்தில், 2,000 சதுர அடி மாடி வீட்டுக்கு 800 ரூபாய். உயர்வுக்குப் பின் 1,600. ஆனால் மேல்மாடி ஏட்டில் ஏறவில்லை! ஏட்டிலே 1,000 சதுர அடிதான். ஆகவே பழைய வரி 400, உயர்வும் 50 விழுக்காடுதான், கட்டுவது 600. முன்பு ஊருக்கு நட்டம் 400, இப்போது 1,000! மறைந்த மாடி ஒருமுறை அளவில் தப்பியது. மறுமுறை அடுக்கில் தப்பியது. ஓட்டு வீடோ ஓரங்குலமும் தப்பவில்லை!

மாடி கட்டியவரெல்லாம் மறைத்தவர் என்று சொல்ல வரவில்லை. பாடுபட்டுச் சேர்த்து, மகனுக்கென்று மேலே ஓர் அறை எடுத்த தொழிலாளியும் உண்டு. அவரும் அளக்கட்டும்; அவருக்குரியதைக் கட்டட்டும். ஆனால் அளக்க வந்த ஊழியரிடம், "நம்ம ஆளு, பார்த்துப் போடுங்க" என்று சிபாரிசுக்குச் செல்லும் தோழனே, உன்னைத்தான் கேட்கிறேன்: நீ காப்பாற்றியது யாரை? பெரிய வீட்டை! கைவிட்டது யாரை? விளக்கில்லாத தெருவில் இரவு ஷிப்டு முடிந்து நடந்துவரும் உன் அண்ணனை! குடிநீரும், சாக்கடையும், ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியில் வாழும் நூலகமும் அந்த ஏட்டை நம்பித்தானே நிற்கின்றன?

ஆகவே, "குறை" என்று கேட்குமுன் "அள" என்று கேளுங்கள். உங்கள் வரிவிதிப்பு எண்ணுக்கு எதிரே எத்தனை சதுர அடி, என்ன பயன்பாடு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பேரூராட்சியில் பாருங்கள். பிழையிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் ஐந்து விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, அதை விடாதீர்கள். உங்கள் வார்டில் எத்தனை கட்டடங்கள் மறுபடி அளக்கப்பட்டன என்று மன்ற உறுப்பினரைக் கேளுங்கள்; பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது!

வரி கொடுப்பது வெட்கமில்லை; வகையறியாமல் கொடுப்பதுதான் வெட்கம். ஓட்டு வீட்டில் நீண்ட நாடா மாடியிலும் நீளட்டும்! அதன் பிறகு அந்தப் பெஞ்சில் இருவரும் பெருமூச்சு விடட்டும். அப்போது நாமும் பங்கு கொள்வோம்!