ஓட்டை அடைப்பது ரசிகன். கல்லா கட்டுவது கம்பெனி!

விற்றது அரை வேக்காடு. வேக வைத்தது காசு கொடுத்து வாங்கினவன். லாபம் மட்டும் விற்றவனுக்கு!

கம்ப்யூட்டர் விளையாட்டு உலகத்தில் இந்தக் கூத்து இருபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. சின்னப் பசங்க சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதில் புழங்குவது கோடிக்கணக்கான டாலர். உழைத்தவன் யார், கூலி யாருக்கு என்கிற பழைய வழக்குதான் இதுவும்.

'ரோல் பிளேயிங் கேம்' என்று ஒரு ரகம். டுமீல் டுமீல் என்று சுட்டுத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆட்டமல்ல. ஆடுகிறவரே கதையில் ஒரு பாத்திரம். திருடனாகலாம், மந்திரவாதியாகலாம். எதிரியை வெட்டலாம், பேசியே மடக்கலாம். ஒரு கதை முடிய 50 மணி, 100 மணி நேரம்கூடப் பிடிக்கும்.

இந்த ஆட்டத்துக்குள் ரசிகர்கள் புகுந்து செய்கிற மாற்றத்துக்கு 'மாட்' என்று பெயர். புது ஊர் சேர்ப்பார்கள், புது ஆள் சேர்ப்பார்கள், சில சமயம் வெறும் ரிப்பேர். வேலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரி கண் விழித்துச் செய்கிற காரியம். சம்பளம்? சல்லிக்காசு கிடையாது.

கம்பெனி போச்சு, ஆட்டம் நிற்கிறது!

2004 நவம்பர் 16ந் தேதி அமெரிக்காவில் 'வேம்பயர்: தி மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ்' என்ற ஆட்டம் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ரத்தக் காட்டேரிகளின் கதை. வசனம் பிரமாதம். ஆனால் உள்ளே ஏகப்பட்ட ஓட்டை. பாதிக் கதை தாண்டினதும் ஓரிடத்தில் ஆட்டம் படுத்துவிடும்; மேலே நகராது. போதாக்குறைக்கு அதே நாளில்தான் 'ஹாஃப் லைஃப் 2' வந்தது. யானை போகிற தெருவில் பூனையை யார் பார்ப்பார்கள்? மூணே மாசம். 2005 பிப்ரவரியில், செய்த கம்பெனியான ட்ராய்கா மூடு விழா கண்டது.

கடையே இல்லை, இனி ரிப்பேர் யாரிடம் கேட்பது? வந்தார் ஒருவர். பெயர் வெர்னர் ஸ்பால். ஜெர்மனிக்காரர். தொழிலோ ரசாயன ஆய்வு! ஓட்டையை அடைத்தார், வெட்டிப் போட்டிருந்த பகுதிகளைத் தேடி எடுத்து ஒட்டினார். வருஷத்துக்கு வருஷம் புதுப் பதிப்பு. 2020 தாண்டியும் அவர் விடவில்லை. இன்று 'ஜி.ஓ.ஜி.' என்ற இணையக் கடையில் அந்த ஆட்டத்தை வாங்கினால், ஸ்பால் செய்த ரிப்பேரும் சேர்ந்தே வருகிறது. அது இல்லாவிட்டால் சரக்கு ஓடாது என்று கடைக்காரருக்கே தெரியும்!

இன்னொரு கூத்து. அதே 2004 டிசம்பரில் வந்தது 'ஸ்டார் வார்ஸ்' கதையை வைத்து 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' இரண்டாம் பாகம். செய்தது அப்சிடியன் கம்பெனி. கிறிஸ்துமஸ் வியாபாரம் தப்பிவிடக் கூடாது என்று அவசரம். கடைசிப் பகுதியில் காட்சி காட்சியாக வெட்டிவிட்டார்கள். முடிவு தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்றது. ஆனால் வெட்டின காட்சிகளின் வசனப் பதிவு குறுந்தகட்டுக்குள்ளேயே கிடந்தது. ரசிகர்கள் அதைத் தோண்டி எடுத்து, பல வருஷம் உழைத்து, காட்சிகளை ஒட்டவைத்தார்கள். இலவசமாகத்தான்.

2022ல் அஸ்பைர் என்ற கம்பெனி இந்த ஆட்டத்தை நின்டெண்டோ ஸ்விட்ச் மெஷினுக்குக் கொண்டுவந்தது. 'வெட்டின காட்சிகளும் பின்னால் வரும்' என்று விளம்பரம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! 2023 ஜூனில் 'வராது' என்று கையை விரித்துவிட்டார்கள். நம்பி வாங்கினவர் கோர்ட்டுக்குப் போனார். நெய்யும் அடுத்தவருடையது, அதுவும் இலைக்கு வந்து சேரவில்லை.

நூற்றுக்கு இருபத்தைந்து

சும்மா செய்தால்தானே இத்தனை தகராறு, விலை வைத்து விற்கட்டுமே என்று கேட்கத் தோன்றும். அதையும் செய்து பார்த்தாச்சு.

பெதெஸ்தா கம்பெனியின் 'ஸ்கைரிம்' 2011 நவம்பரில் வந்த ஆட்டம். அதற்கு ரசிகர்கள் செய்து குவித்த மாட்களுக்குக் கணக்கு வழக்கே இல்லை. 2015 ஏப்ரல் 23ந் தேதி, 'ஸ்டீம்' கடை நடத்துகிற வால்வ் கம்பெனியும் பெதெஸ்தாவும் சேர்ந்து ஓர் அறிவிப்பு விட்டன. இனி மாட் செய்கிறவர் அதற்கு விலை வைக்கலாம். நல்ல சேதிதானே? பங்கு பிரித்த லட்சணத்தைப் பாருங்கள். நூறு டாலருக்கு விற்றால் கடைக்கு 30. பெதெஸ்தாவுக்கு 45. ராத்திரி கண் விழித்தவனுக்கு 25!

பெதெஸ்தா பக்கம் நியாயமே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மூல ஆட்டம் அவர்களுடையது. 2002ல் 'மாரோவிண்ட்' விற்றபோதே, மாற்றி அமைக்கிற கருவியையும் கூடவே கொடுத்தவர்கள். கதவைத் திறந்து வைத்ததற்கு ஒரு பங்கு கேட்கலாம். அதற்காக முக்கால் பங்கு வெளியே போவதா?

எதிர்ப்பு கிளம்பியது. லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. ஒருவர் விற்பனைக்கு வைத்த மீன் பிடிக்கிற மாட்டில் இன்னொருவர் செய்த அசைவுகள் இருக்கின்றன என்று சண்டை வந்து, அதை எடுக்க வேண்டியதாயிற்று. காசு வந்தால் பங்காளிச் சண்டையும் வரும்தானே? நாலே நாள். 27ந் தேதி கடையைக் கட்டினார்கள். வாங்கினவர்களுக்குப் பணம் வாபஸ்.

ரசிகர்களுக்கு வெற்றி என்று ஒரே ஆரவாரம். அங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் '25 போதாது, 60 கொடு' என்றா கேட்டார்கள்? 'எங்களுக்கு ஓசியிலேயே வேணும்' என்று கத்தினவர்கள்தான் ஏராளம். விலை வைத்தவர்களுக்குப் பணத்தாசை பிடித்தவன் என்று பட்டம், கூடவே வசவு. வருஷக்கணக்கில் ஓசியில் அனுபவித்தவர்களின் நன்றி இது! தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்றால் இதுதான்.

திறமைக்கு வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் வக்கீலாக இருந்த நிக் பியர்ஸ் 2015ல் 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்று ஸ்கைரிமுக்கு ஒரு மாட் செய்தார். மறு வருஷம் அந்த நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருதே கிடைத்தது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 2021ல் அதைத் தனி ஆட்டமாகவே வெளியிட்டார். இப்படிக் கரையேறினவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள்?

லண்டன் பட்ட பாடு

'யாருப்பா இவங்களை செய்யச் சொன்னது? ஆசைக்குச் செய்யறாங்க, விடு' என்பார்கள். ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆதாயம் யாருக்கு? 'ஃபால்அவுட்: லண்டன்' கதையைக் கேளுங்கள். பெதெஸ்தாவின் 'ஃபால்அவுட் 4' ஆட்டத்துக்குள் ஒரு முழு லண்டன் நகரத்தையே கட்டினது ஒரு ரசிகர் கூட்டம். மாட் இலவசம். ஆனால் அதை ஆட வேண்டுமென்றால் முதலில் 'ஃபால்அவுட் 4' ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். ஆக, கம்பெனி கை நீட்டாமலே வியாபாரம்!

2024 ஏப்ரல் 23ந் தேதி வெளியீடு என்று அந்தக் கூட்டம் பல மாதம் முன்பே தேதி சொல்லியிருந்தது. கம்பெனியோ ஏப்ரல் 25ந் தேதி மூல ஆட்டத்துக்குப் பெரிய மாற்றம் ஒன்றை வெளியிட நாள் குறித்தது. அஸ்திவாரத்தைத் தோண்டினால் மாடி நிற்குமா? வெளியீடு தள்ளிப்போயிற்று. ஜூலை 25ந் தேதிதான் லண்டன் வந்தது. அப்போதும் மூல ஆட்டத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்பிக்கொண்டுதான் ஆட வேண்டியிருந்தது.

2023 டிசம்பரில் பெதெஸ்தா மறுபடி ஸ்கைரிமில் ரசிகர் செய்த மாட்களுக்கு விலை வைக்க வழி திறந்துவிட்டது. விலை வைக்கட்டும், தப்பில்லை. செய்தவனுக்குப் பாதிக்கு மேல் கொடுக்கட்டும். சும்மா கொடுக்கிறவனுக்குக் காசு வேண்டாம். மூல ஆட்டத்தில் கை வைக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி ஒரு கடுதாசி போட்டால் போதும்.