கோப்பை கழுவுகிறவரின் பங்கு

பிரித்தானிய வணிக, வர்த்தகத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2006இல் லண்டன் ஹோட்டல் ஒன்றின் நிலவறைச் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அங்கேயே சமையல்காரனாகி, 2025 வரை நின்றவன் நான். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. என்னோடு அந்தத் தொட்டியடியில் நின்றவர்கள் இதை முதலில் வாசிக்க வேண்டும். அவர்களுடைய டிப்ஸ் பணத்தைப் பற்றி அங்கே தரப்பட்ட எந்தத் தாளும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் இருந்ததில்லை.

கோப்பை கழுவுதல் என்று எங்கள் ஆட்கள் சொல்வது தேநீர்க் கோப்பையை மட்டும் அல்ல. அடிப்பிடித்த அண்டாக்கள், கொழுப்பு உறைந்த அவண் தட்டுகள், இரவு பதினொரு மணிக்கு மேல் ஒன்றாக இறங்கி வரும் நூற்றுக்கணக்கான கிளாசுகள், கடைசியில் நிலம், வடிகால் எல்லாம் அதற்குள் அடக்கம். முடிந்து வெளியே வரும்போது கடைசி ரயில் போயிருக்கும். இரவு பஸ்தான். மேலே மேசையில் விருந்தினர் பில்லோடு சேர்த்து 12.5 வீதம் சேவைக் கட்டணம் கொடுக்கிறார். அவர் கையில் எடுத்த பளபளப்பான கிளாசுக்கும் அந்தப் பணத்தில் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

உங்கள் சட்டங்கள் செய்த நன்மையை மறைக்க மாட்டேன். நான் சேர்ந்த காலத்தில் டிப்ஸ் பணத்தைக் கொண்டே அடிப்படைச் சம்பளத்தை நிரப்பிக் காட்ட முதலாளிக்கு இடம் இருந்தது. 2009 அக்டோபர் 1ஆம் தேதியோடு அது நின்றது. டிப்ஸ் பங்கீடு பற்றிய 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, முதலாளி கைக்கு வரும் டிப்ஸ் முழுவதும் வேலை செய்தவர்களுக்கே, அதுவும் அடுத்த மாத முடிவுக்குள், என்று ஆனது. ஏஜென்சி மூலம் வருகிறவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. தொட்டியடியில் நிற்பவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான் என்பதால், எனக்கு அந்த வரி பெரிய வரி.

நான் எழுத வந்தது 'ட்ராங்க்' பற்றி. பிரெஞ்சில் அந்தச் சொல் காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும். நம் ஊர் உண்டியல் மாதிரி. டிப்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேர, 'ட்ராங்க் மாஸ்டர்' என்று ஒருவர் அதைப் பங்கிடுவார். யாருக்கு எவ்வளவு என்பதில் முதலாளி நேராகவோ மறைமுகமாகவோ தலையிடாவிட்டால், அந்தப் பணத்துக்கு நாஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதிப் பங்களிப்பு கிடையாது. முதலாளிக்கு 15 வீதம் மிச்சம், தொழிலாளிக்கும் பிடிப்பு இல்லை, வருமான வரி மட்டும் போகும். இது இரு தரப்புக்கும் நல்லதுதான். ஆனால் 'சுயாதீனம்' என்ற சொல் வரி அலுவலகத்துக்குப் பதில் சொல்வதற்காகவே இந்த ஏற்பாட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பங்கு வாங்குகிறவர் அதை எப்படி உணர்கிறார் என்று எவரும் கேட்பதில்லை.

எங்கள் இடத்தில் கணக்குப் புள்ளி முறையில் நடந்தது. மேசைத் தலைவருக்கு 10 புள்ளி, சமையல்காரருக்கு 5, கோப்பை கழுவுகிறவருக்கு 2. ஒவ்வொருவரின் புள்ளியையும் வேலை செய்த மணித்தியாலத்தால் பெருக்கி, அந்த விகிதத்தில் பணம் பிரியும். புதிய சட்டம் வந்த பிறகான முதல் குளிர்காலத்தில் முதுகு பிடித்து மூன்று கிழமை லீவில் நின்றேன். திரும்பி வந்தபோது என்னுடைய 5 புள்ளி 3 ஆகியிருந்தது. அலுவலகத்தில் கேட்டேன். "ட்ராங்க் சுயாதீனமானது, நாங்கள் தலையிட முடியாது" என்றார்கள். ட்ராங்க் மாஸ்டரிடம் போனேன். "பட்டியல் அலுவலகத்திலிருந்துதான் வருகிறது" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே அலுவலகம்தான். எங்கள் ஷிஃப்ட் போடுகிறவரும் அவர்தான். என்னோடு நின்ற வயதான அண்ணை ஒருவர் அன்றிரவு சொன்னார்: "தம்பி, கேட்டுக் கேட்டு இருக்கிற ஷிஃப்டையும் இழந்து போடாதை."

கேட்பதற்கு வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எழுத்தில் விண்ணப்பித்தால், மொத்தம் எவ்வளவு வந்தது, எனக்கு எவ்வளவு தந்தார்கள் என்ற பதிவைத் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 5,000 பவுண் வரை நட்டஈடு கிடைக்கலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் பெயர் இருக்கும். அடுத்த கிழமை ஷிஃப்ட் அட்டவணையிலும் அதே பெயர் இருக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் எங்களில் பெரும்பாலானோர் பேனா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஐயா, பங்கிடுகிறவரைப் பங்கு வாங்குகிறவர்களே இரகசிய வாக்கில் தெரிவு செய்யட்டும். இன்றைக்கு முதலாளியே அவரை நியமிப்பதற்குத் தடை இல்லை. ஷிஃப்ட் போடுகிறவர் கையில் புள்ளியும் இருக்கக் கூடாது என்று டிப்ஸ் பங்கீட்டுக்கான உங்கள் வழிகாட்டுக் கோவையில் வெளிப்படையாக எழுதுங்கள். மாதாமாதம் மொத்தத் தொகையும், எந்த வேலைக்கு எத்தனை புள்ளி என்பதும் பணியாளர் சாப்பாட்டறைச் சுவரில் ஒட்டப்படட்டும். ஆளின் பெயர் வேண்டாம், வேலையின் பெயர் போதும். ஒருவரும் கேட்காமலே எல்லோருக்கும் தெரிய அது ஒன்றே வழி.

2025ஆம் ஆண்டின் வேலையுரிமைச் சட்டத்தில், டிப்ஸ் கொள்கையை எழுதுமுன் தொழிலாளர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஆலோசனை எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு மாநாட்டு அறையில் கூட்டம் வைத்தால், விடிய இரண்டு மணிக்கு வீடு போன கோப்பை கழுவுகிறவர் வர மாட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இராச் சாப்பாடு தொடங்குமுன், மூன்றுக்கும் நான்குக்கும் இடையில், அவர் தொட்டியடிக்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருப்பார். அங்கே வந்து, அவருக்கு விளங்கும் மொழியில் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹோட்டல் சமையல்காரன்,
லண்டன்