வயிற்றில் உள்ள முதலுக்கு மோசம் செய்யலாமா?



முதலைக் கரைத்து அன்றாடச் செலவு செய்பவனை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை. உடம்புக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆரோக்கியம் என்கிற முதலில் ஒரு பங்கு நம் குடலில் இருக்கிறது. அதைக் கரைக்கும் வேலையில் நம்மவர் கடைகள் சிலவற்றுக்கும் பங்கு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பாக்டீரியா என்றாலே நோய்க்கிருமி என்றுதான் நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. 2016-இல் விஞ்ஞானிகள் போட்ட கணக்குப்படி, ஒரு மனிதனின் உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களோ சுமார் 38 லட்சம் கோடி. அத்தனையையும் தராசில் வைத்தால் 200 கிராம்தான் வரும். பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நாரையும் மாவுப் பொருளையும் புளிக்க வைத்து, குடல் சுவருக்கு ஆகாரமாக மாற்றித் தருகின்றன. கெட்ட கிருமிகள் வந்து இடம் பிடிக்காமல் காவலும் காக்கின்றன.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் காலரா நோயாளிகள் 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. சிலருக்கு வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசலை மட்டும் கொடுத்தார்கள். சிலருக்கு அதில், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை லிட்டருக்கு 50 கிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். மாவுச்சத்து சேர்த்தவர்களுக்குப் பேதியில் போன நீர் குறைந்தது. பேதியும் சீக்கிரம் நின்றது. காரணம், குடல் பாக்டீரியாக்கள் அந்த மாவுச்சத்தைத் தின்று சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுக்க உதவுகின்றன.

நான் அரிசி மொத்த வியாபாரம் செய்பவன். ஆறிய சோற்றிலும் இத்தகைய செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது என்று அறிந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. இரவு நீர் ஊற்றி வைத்தால் தயிரில் உள்ளதைப் போன்ற நல்ல பாக்டீரியாவும் அதில் வளர்கிறது. நம் பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள், குடல் நோய்க்குப் பழைய சோறு பயன்படுமா என்று ஆராய முன்வந்தது பத்திரிகைகளில் வந்த செய்தி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். நம் பகுதித் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துத்தான் சோற்றில் ஊற்ற வேண்டும். இல்லையேல் நல்லதோடு கெட்டதும் சேர்ந்து வளரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் கடைத்தெருக்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளி சளி, காய்ச்சல் என்று வருவார். நாள் கூலி போய்விடக் கூடாதே என்று அவசரம். கடைக்காரர் சீட்டு இல்லாமலே இரண்டு ஆண்டிபயாடிக் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். ஜலதோஷமும் டெங்குவும் வைரஸால் வருபவை. அவற்றை ஆண்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அது கொல்லும். பெரும்பாலானவை சில வாரங்களில் திரும்ப வளரும். சில வகைகள் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. காலியான இடத்தில் கெட்ட கிருமி புகுந்து கடும் பேதி வருவதும் உண்டு. மருந்துக்குச் சாகாமல் தப்பிய கிருமி பெருகினால், நாளை நிஜமான நோய்க்கு அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

ஆண்டிபயாடிக்கே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நிமோனியாவுக்கும் காசநோய்க்கும் அது உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் எழுதினால், அவர் சொன்ன நாள் வரை சாப்பிடத்தான் வேண்டும். சீட்டு இல்லாமல் விற்பதைச் சட்டமும் அனுமதிக்கவில்லை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணைப்படி, வீரியமான பல ஆண்டிபயாடிக்குகளை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

"நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார். எனக்குத்தானே நட்டம்?" என்று மருந்துக்கடை நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தனி ஒருவர் நிறுத்தினால் வாடிக்கை போகும். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் போகாது. இப்படிப்பட்ட காரியத்துக்குத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்?

எனவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறேன். உறுப்பினர் கடை எதிலும் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் விற்பதில்லை. மருந்து உரிமம் இல்லாத மளிகைக் கடைகள் அதைத் தொடுவதே இல்லை. பேதி என்று வருபவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கொடுத்து, ஸ்டான்லிக்கோ அருகிலுள்ள மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கோ அனுப்பி வைப்போம். அங்கே வைத்தியத்துக்குக் காசு கிடையாது.

அந்தத் தொழிலாளி நம் மூட்டையைத் தூக்குபவர். மாலையில் நம்மிடமே அரிசி வாங்குபவர். அவருடைய ஆரோக்கியமும் நம் வியாபாரத்தின் முதல்தான். இரண்டு மாத்திரை லாபத்துக்காக அதைக் கரைக்க வேண்டாம்.