முதலில் மேலே வலை கட்டுங்கள், பிறகு எங்கள் காலைப் பாருங்கள்

"ஷூ போடாம வந்தா நாங்க என்னப்பா பண்ண முடியும்?"

எங்கள் காலனிப் பையன் ஒருவனின் இரண்டு கால்விரல்கள் நசுங்கிய அன்று, சைட் சூப்பர்வைசர் முதலில் சொன்னது இதைத்தான். பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரிங் வேலைக்குப் போய் செமஸ்டர் பீஸ் கட்டுகிறவன். சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். நான்காம் மாடியில் பலகை பிரித்துக்கொண்டிருந்தார்கள், கீழே இவன் கம்பி சுமந்துகொண்டிருந்தான். மேலே நழுவிய இரும்பு முட்டு ஒன்று தரையில் விழுந்து எகிறி இவன் காலில் அடித்தது. காலில் ரப்பர் செருப்பு.

அந்த சைட்டில் பாதுகாப்பு ஷூவே இல்லையா? இருந்தது. அலுவலக அறை அலமாரியில் ஐந்து ஜோடி. இன்ஜினியருக்கும், பிளாட் பார்க்க வருகிறவர்களுக்கும்.

நம் தாத்தாக்கள் ஊர்த்தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். அன்று "ஏண்டா செருப்புப் போட்டே?" என்று கேட்டார்கள். இன்று "ஏன் ஷூ போடல?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் குற்றவாளி நம் கால்தான். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டு ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற கைகளில் பெரும்பகுதி நம் மக்களுடையவை என்பதை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஷூ கேட்பது நியாயம். கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பாதுகாப்பு ஷூவுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15298. அதன்படி விரல்களை மூடும் முனை 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கையிலிருந்து நழுவும் சுத்தியலுக்கும் கம்பிக்கட்டுக்கும் அது போதும். நான்காம் மாடியிலிருந்து, அதாவது 12 மீட்டர் உயரத்திலிருந்து, மூன்று கிலோ செங்கல் விழுந்தால்? 350 ஜூல். ஷூ தாங்குவதாக உத்தரவாதம் தந்த அளவைவிட ஒன்றே முக்கால் மடங்கு. அதுவும் செங்கல் விரல்நுனியைத் தேடி விழ வேண்டும். தோளிலும் முதுகிலும் எந்த ஷூ?

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளைப் படித்துப் பாருங்கள். 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரப்போகும் கட்டடம் என்றால், அதைச் சுற்றிலும் தலைக்கு மேல் தடுப்பு அமைக்க வேண்டும். அகலம் இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். பொருள் விழும் ஆபத்துள்ள இடத்தில் நடமாடும் ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட் கொடுக்க வேண்டியதும், ஈரக் கான்கிரீட்டில் நிற்பவருக்கு நீர் புகாத பூட்ஸ் கொடுக்க வேண்டியதும் முதலாளி. தொழிலாளி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதல்ல.

தடுப்பு கட்டப் பலகை வேண்டும், ஆள்கூலி வேண்டும், வேலை ஒரு நாள் தள்ளிப்போகும். ஷூ வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்து மாட்டுவது மலிவு. அதைவிட மலிவு, அடிபட்டவனையே குற்றம் சொல்வது.

இந்தச் சட்டம் யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. இரண்டின் பின்னாலும் சங்கங்களின் போராட்டம் இருக்கிறது. மத்தியச் சட்டம் கேட்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985இல் தேசியப் பிரச்சாரக் குழு உருவானது. சட்டம் கைக்கு வர 1996 ஆயிற்று. பதினோரு வருடம். காலையில் பாண்டு தூக்கி, மாலையில் மனுவில் கைநாட்டு வைத்தவர்கள் வாங்கிய சட்டம் அது.

அதை இப்போது 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு விழுங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தில், சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய் வரை கட்டும் வீட்டு வேலை விலக்கு பெற்றிருந்தது. இப்போது அந்த வரம்பு 50 லட்சம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமும் வெளியேதான். நம் சித்தாள்களும் பெரியாள்களும் அன்றாடம் நிற்கிற இடங்களில் எத்தனை இதற்குள் வரும்? நீங்களே எண்ணிப் பாருங்கள். மௌலிவாக்கத்தில் 2014இல் 61 பேர் செத்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. ஒற்றைச் செங்கல் ஒருத்தர் மேல் விழுவதை யாரும் பார்ப்பதில்லை.

இருந்தாலும் அந்தத் தொகுப்பில் இரண்டு பிரிவுகள் கையில் இருக்கட்டும், மாணவத் தோழர்களே. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 6ஆம் பிரிவு. "ஷூவுக்குக் கூலியில கழிச்சுக்குறேன்" என்று மேஸ்திரி சொன்னால் அதைக் காட்டுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும் உரிமை 14ஆம் பிரிவில் இருக்கிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது ஆம்பளைக் கட்டுரையாகிவிடும். அலமாரியில் இருந்த ஐந்து ஜோடியும் எட்டாம் நம்பருக்கு மேல். ஒரு சித்தாளின் காலுக்கும் பொருந்தாது. ஹெல்மெட் போட்டால் சும்மாட்டை எங்கே வைப்பது, செங்கல்லை எதில் சுமப்பது? இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வாங்கிய சாமான்கள் அவை.

வழி காட்டியதும் அவர்கள்தான். பையன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டாம் நாள், மூன்று சித்தாள்கள் அந்தச் சுவரோரம் கலவை கொண்டுபோக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி திட்டினார், பிறகு கெஞ்சினார். "வலை கட்டு, வர்றோம்" என்பதைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசவில்லை. மத்தியானம் வலை கட்டியாயிற்று. மூவருக்கும் அரைநாள் கூலி கழித்துக்கொண்டார்கள். அந்த அரைநாள் கூலியைக் கேட்டு நானும் இரண்டு மாணவர்களும் அவர்களோடு உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுக்கப்போகிறோம். ஷூ கேட்டும் அதில் ஒரு வரி இருக்கிறது, சித்தாள்களின் கால் அளவோடு.